எரியாத மருந்து

எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாருக்காவது வாய்ப்புண் வந்தால் மற்றவர்களுக்குக் கொண்டாட்டம். "எங்கே, வாயைத் திறங்க பார்ப்போம்" என்று டார்ச் விளக்கோடு நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். சாப்பிடும்போது கன்னத்தைக் கடித்துக்கொண்டவர், பல்முனை குத்தி உதடு கிழிந்தவர், தூக்கம் கெட்டு நாக்கில் கொப்புளம் கண்டவர், எல்லோருக்கும் அன்றைக்கு ராஜமரியாதை; மருந்தை அவர்கள் புண்ணில் வைக்க மட்டும் அனுமதி இல்லை, பார்த்துக் குறித்துக்கொள்வதோடு சரி. வாய்ப்புண்ணுக்கு மருந்து செய்கிற இடத்தில் காசு கொடுத்தாலும் கிடைக்காத ஒரே பொருள் வாய்ப்புண்தான்.

நான் அங்கே கலவைப் பிரிவின் தலைவி. பதினோரு வருடமாக ஒரே ஒரு ஜெல்லின் பின்னால் அலைந்தவள். கொய்யா இலையை நிழலில் காயவைத்துப் பொடித்து, ஆல்கஹாலில் மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, இளஞ்சூட்டில் ஆல்கஹாலைப் போக்கினால் கரும்பச்சையாக ஒரு விழுது மிஞ்சும். ஆளி விதையை வேகவைத்து வடித்தால் வழவழவென்று ஒரு கூழ் வரும். இரண்டையும் கலந்தால் எங்கள் ஜெல். கசாப்புக் கடையிலிருந்து வாங்கிவந்த ஆட்டுக் கன்னத்தின் உள்தோலில் ஒரு சொட்டைத் தடவி, எச்சில் மாதிரி செய்த உப்புநீரை மேலே ஓடவிட்டுப் பார்ப்போம். நாற்பது நிமிடம் அசையாமல் நிற்கும். கண்ணாடித் தட்டில் வளர்த்த கிருமிகள் இலைச்சாறு பட்டால் ஒரே நாளில் சாகும். பல்லக்கில் உட்கார்ந்திருப்பது இலை, தூக்கிக்கொண்டு போவது விதை என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடிப்பேன்.

செய்தவர் வாயில்தான் முதலில் போட வேண்டும் என்பது எங்கள் பழக்கம். ஒவ்வொரு முறை கலக்கி முடித்ததும் நானும் என் உதவியாளரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துத் தடவிக்கொள்வோம். உதவியாளர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என் வாய்க்குப் பயப்படாத ஒரே ஆள். தடவி முடித்ததும் நோட்டில் 'எரிச்சல்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இருநூறு தடவைக்கு மேல் 'இல்லை' எழுதியிருக்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்ததே அவனிடம் படித்தவர்கள்தான். வண்டி கிளம்பும் முன் ஆரம்பித்தால் வண்டி நின்ற பிறகும் நிறுத்த மாட்டான். அதிலும் யாரையும் குறை சொல்ல வராது. ஒருமுறை ஓர் அம்மாள் காரைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடச் சுவரில் மோதிவிட்டார். இறங்கிப் பார்த்துவிட்டு, "பிரேக் பிடிக்கணும்னு நினைச்சீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம்" என்று சொன்னானாம். அப்படிப்பட்டவனுக்கு நாற்பத்தாறு வயதில் இரத்தத்தில் புற்றுநோய் வந்தது.

அதற்குக் கொடுக்கிற மருந்து நோயை மட்டும் கொல்வதில்லை. வாயின் உள்தோலையும் சேர்த்து உரித்துவிடும். ஏழாம் நாள் உதடு, கன்னம், நாக்கு, தொண்டை எல்லாம் ஒரே புண். தண்ணீர் விழுங்குவதற்குக்கூட மனசைத் தயார் செய்துகொள்ள வேண்டும். எங்கள் ஜெல் அப்படிப்பட்டவர்களுக்காகத்தான். முதல் சோதனைக்கு அனுமதி வந்தபோது, தம்பி சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியே அமைந்தது. எட்டுப் படுக்கை உள்ள ஒரு வார்டு, எட்டு நோயாளிகள், இரண்டு வாரம். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் தடவிப் பத்து நிமிடம் கழித்து வலி எவ்வளவு என்று ஓர் அட்டையில் எழுத வேண்டும். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து.

மருந்து செய்தவரின் உறவினர் அந்தச் சோதனையில் சேரக் கூடாது என்பது விதி. வார்டு டாக்டருக்கு எங்கள் உறவு தெரியாது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தம்பிதான் எனக்குப் போன் செய்தான். "அக்கா, உன் மருந்துக்கு நானும் சேர்ந்துட்டேன்" என்றான். நான் அப்போதே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் மருந்து செய்துவிட்டு உடன்பிறந்தவனுக்கு மட்டும் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சோதனையில் முதலில் சேர்ந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். மற்ற ஏழு பேருக்கும் நான்கு நாள் முன்பே அவருக்கு வாய் புண்ணாகிவிட்டதால் தனியாக ஆரம்பித்தார்கள். ஒன்றரை நாளில் எனக்கு வேண்டாம் என்று விலகிக்கொண்டார். அவருடைய அட்டையில் பத்து, பத்து, ஒன்பது, பத்து என்று இருந்தது. விலகியதற்கான காரணத்தை எழுத வேண்டிய இடத்தில் நான் 'ஒத்துழைக்காதவர்' என்று எழுதினேன். இவரெல்லாம் கொசு கடித்தாலும் பத்து போடுகிற ஆள் என்று உதவியாளரிடம் வேறு சொன்னேன். அவர் குடுவையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

மற்ற ஏழு பேரின் முதல் பத்து நாள் அட்டைகள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு. அதற்கு மேல் ஓர் எண் இல்லை. அட்டைகளை மறுபடி ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். ஆய்வுக்கூட இயக்குநர் என் அறைக்கே வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். நான் தம்பியின் அட்டைகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். முப்பது எண்கள், பெரும்பாலும் இரண்டு. அவனுக்கு வலி தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மேஜையில் தலைவைத்து அழுதேன்.

மறுநாள் வார்டு நர்ஸ் எழுதிய சாப்பாட்டுக் கணக்கு வந்தது. யார் எவ்வளவு குடித்தார்கள், எடை எவ்வளவு என்று நாள்வாரியாக. தம்பிக்கு நேராக 'பால் இரண்டு ஸ்பூன்', 'தண்ணீர் மூன்று மிடறு', 'மறுத்துவிட்டார்' என்று வரிசையாக இருந்தது. நாற்பத்தெட்டு கிலோவோடு போனவன் நாற்பத்தைந்தரையில் இருந்தான். மற்றவர்கள் கதையும் அதேதான். வலி இரண்டு என்று எழுதுகிறவன் ஒரு டம்ளர் பாலையாவது குடிக்க மாட்டானா? வாந்தி வருகிறதோ, பசி இல்லையோ என்று எனக்கு நானே நாலு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. மாலையில் தம்பி மனைவி போன் செய்தாள்.

"அண்ணி, நாற்பத்தஞ்சுக்குக் கீழ போனா அடுத்த ஊசி போட முடியாதுன்னு டாக்டர் சொல்றாரு. உடம்பு தாங்காதாம். தள்ளிப் போட்டா நோய் ஏறிடுமாம். நீங்க வந்து சொன்னா சாப்பிடுவாரு அண்ணி."

செய்தவர் வார்டுக்குள் போகக் கூடாது என்பது இன்னொரு விதி. ஒன்றை மீறியவளுக்கு இரண்டாவது எம்மாத்திரம்? மறுநாள் பார்வையாளர் நேரத்தில் போனேன்.

வாசலிலேயே நின்றுவிட்டேன். சரியாக மருந்து தடவும் வேளை. தம்பி கதவோரப் படுக்கையில் இருந்தான். பஞ்சில் ஜெல்லை எடுத்தான், கன்னத்துக்குள் வைத்தான். கட்டிலின் கம்பியை அவன் கை இறுக்கிப் பிடித்தது. கால்விரல்கள் போர்வையைக் கவ்விக்கொண்டன. கண்ணிலிருந்து தண்ணீர் தானாக இறங்கியது. சத்தம் மட்டும் இல்லை. பத்து நிமிடமும் அப்படியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தான். நர்ஸ் அட்டைகளோடு வருகிற காலடிச் சத்தம் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். 'இரண்டு' என்று எழுதினான். எழுதிவிட்டு மற்றவர்களைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். அடுத்த படுக்கைக்காரர் தலையாட்டிவிட்டு இரண்டு எழுதினார். அதற்கடுத்தவர் ஒரு விரலை மடக்கி, ஒன்று போடட்டுமா என்று சைகையில் கேட்டார்.

அப்போதுதான் தம்பி என்னைப் பார்த்தான். தூக்கிய விரல்கள் அப்படியே நின்றன.

"என்னடா பண்ற?" என்றேன்.

அவனால் பேச முடியாது. பத்து நாளாக ரேடியோ ஊமையாகிக் கிடந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர்தான் வாயை அரைகுறையாகத் திறந்து பேசினார். அவர் தையல்காரர்.

"நீங்கதான் அந்த அக்காவா? உக்காருங்கம்மா. வாய் மூடுறதுக்கு முன்னாடியே உங்க தம்பி எல்லாம் சொல்லிட்டாரு. கல்யாணம்கூட பண்ணிக்காம பதினோரு வருஷமா இதுக்காகவே உழைக்கறீங்களாம். எங்களுக்கு என்னம்மா, ரெண்டு வாரம் எரியும், போயிடும். உங்க உழைப்பு வீணாப் போயிடக் கூடாதில்ல?"

"எரியுதா?"

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"நெருப்பை வச்ச மாதிரி இருக்கும்மா" என்றார் தையல்காரர், ஏதோ தான் செய்த தப்பை ஒப்புக்கொள்கிறவர் போல.

எனக்கு வந்த கோபம் இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. "உங்ககிட்ட யாரு இரக்கம் கேட்டாங்க? வலிக்குதான்னுதானே கேட்டேன்? உண்மையச் சொல்றதுக்கு என்ன கேடு?" என்று ஏழு நோயாளிகளையும் பார்த்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். நர்ஸ் ஓடிவந்து, "அம்மா, இது ஆஸ்பத்திரி, உங்க வீடு இல்ல" என்று தோளைப் பிடித்து வெளியே தள்ளினாள். நடைபாதையில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபம் அவர்கள் மேல் இல்லை என்று அங்கே நிற்கும்போதே தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்ன ஒரே மனிதரை ஒத்துழைக்காதவர் என்று எழுதித் தள்ளியவள் நான்தானே?

நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். ஜெல்லை எடுத்து என் வாயில் தடவிக்கொண்டேன். எரியவில்லை. உதவியாளரும் தடவிப் பார்த்தார். அவருக்கும் இல்லை. வாசல் காவலாளிக்கு உதட்டில் புண் என்று காலையில்தான் கேள்விப்பட்டிருந்தோம். அவரைக் கூப்பிட்டு ஒரு துளி வைத்தோம்.

"ஐயோ! மிளகாய அரைச்சு வச்சீங்களா?" என்று துள்ளிக் குதித்துக் குழாயடிக்கு ஓடினார்.

உதவியாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நம்ம நாக்கு செத்துப்போச்சு மேடம். பதினோரு வருஷமா அதே புண்ணில்லாத வாய், அதே மருந்து. பழகிடுச்சு. நாமளே செஞ்சு, நாமளே தின்னு, நாமளே நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டிருந்திருக்கோம்."

"இலையா?"

"இலைதான். அந்தத் துவர்ப்பு ஆட்டுத்தோலுக்கு வலிக்குமா? செத்த தோல். கிருமிக்கும் சொல்ல வாய் இல்ல."

அன்றைக்கே டாக்டரிடம் போனேன். அவன் என் தம்பி, எனக்குத் தெரிந்தும் மறைத்தேன், எண்கள் எல்லாம் பொய், மருந்து எரிகிறது என்று நாலு வரியில் சொல்லி முடித்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "உங்களைத் திட்டறதுக்கு எனக்கு இப்ப நேரம் இல்ல. அவங்க வாய்க்கு என்ன பண்ணப் போறீங்க, அதைச் சொல்லுங்க" என்றார். சோதனை அன்றோடு நின்றது. இயக்குநர் அதன் பிறகு என் அறைப் பக்கம் வரவில்லை.

என்ன பண்ணுவது என்று சொன்னது உதவியாளர்தான். "இலையை எடுத்துடுங்க. வெறும் விதைக்கூழ் போதும். அது வைத்தியம் பண்ணாது, புண்ணைப் போர்த்திக்கிட்டு நிக்கும். அரை மணி நேரம் காத்துப்படாம, எச்சில் படாம இருந்தா ஒரு வாய் குடிக்கலாமில்ல?" என்றார். பல்லக்குத் தூக்குகிறவன் என்று நான் கேலி செய்த விதை. இந்த முறை எங்கள் வாயை நம்பவில்லை. காவலாளி, தோட்டக்காரர், கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண் என்று வாயில் புண்ணும் எங்கள் மருந்துக்குப் பழகாத நாக்கும் உள்ள மூன்று பேரைப் பிடித்தோம். மூன்று பேரும் துள்ளவில்லை. "வெண்டைக்காய் தின்ன மாதிரி இருக்கு" என்றார் தோட்டக்காரர். வேகவைத்த ஆளி விதைதானே, மருந்து என்று எழுதாமல் உணவு என்று எழுதிக்கொள்கிறேன் என்று டாக்டர் அனுமதித்தார்.

அன்று தம்பி தடவிக்கொள்ளும்போது நான் அறையில் இருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தால் அவன் கை தானாக இரண்டு என்று எழுதிவிடும். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பதினைந்து நிமிடத்தில் நர்ஸ் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். ஏழு.

"வருத்தப்படாதீங்க" என்றாள் நர்ஸ். "அரை டம்ளர் பால் குடிச்சாரு. நானே பார்த்தேன். அப்புறம் இன்னும் கொஞ்சம் வேணும்னு டம்ளரை நீட்டினாரு."

வருத்தமா? லாரி ஓட்டுநரை விட்டால், பதினோரு வருடத்தில் என் கைக்கு வந்த முதல் உண்மையான எண் அது. அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அந்தப் பத்து நாள் திரும்பி வரவில்லை. இரண்டு நாள் கழித்து எடை பார்த்தபோது முள் நாற்பத்து நாலரையில் நின்றது. டாக்டர் இரண்டு முறை ஏறி இறங்கச் சொன்னார். அது அப்படியே நின்றது. "மூணு வாரம் தள்ளிப் போடறேன்" என்றார். "அதுக்குள்ள நோய் தலை தூக்காம இருக்கணும். இருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

தம்பியிடம் நானே சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். மதிய நேரம், வார்டில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தம்பி மனைவி காலடியில் உட்கார்ந்திருந்தாள். தள்ளிப்போன விஷயத்தைச் சொன்னேன். அதற்கு யார் காரணம் என்பதையும் சொன்னேன். எரியுதான்னு ஒருநாள் வந்து உன் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் இந்த மூன்றரைக் கிலோ போயிருக்காது என்றேன். அவன் பென்சிலை எடுத்துத் தாளில் எழுதினான். 'பரவால்லக்கா. நல்ல மருந்துதான். கொஞ்சம் சரி பண்ணா போதும்.'

சுவரில் மோதிய அம்மாளுக்குச் சொன்ன மாதிரியே எனக்கும் சொல்கிறான். நான் அந்தப் பென்சிலைப் பிடுங்கினேன்.

"போதும்டா. எனக்கு மார்க் போடாத. உன் அக்காவுக்கு ஒண்ணும் ஆயிடாது. சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். வெடித்த உதட்டைப் பிரித்து, இரண்டு வாரத்தில் முதல் தடவையாக, காற்றுப் போன டியூப் மாதிரி ஒரு குரலில் சொன்னான்.

"எரிஞ்சுதுக்கா. ரொம்ப எரிஞ்சுது."

சொல்லிவிட்டு அழுதான். ஒன்பது வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தபோதுகூட என் எதிரே அழாதவன். அவன் மனைவி எழுந்து வந்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தேற்றத் தோன்றவில்லை. தேற்றினால் மறுபடி வாயை மூடிக்கொள்வான் என்று பயமாக இருந்தது. பையிலிருந்து அவனுடைய அட்டைகளை எடுத்தேன்.

எங்கள் வேலையில் தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது. பழைய எண் தெரிகிற மாதிரி குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, திருத்தியவர் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். முதல் அட்டையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"முதல் நாள், காலையில?"

"பத்து."

இரண்டை அடித்துப் பத்து என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

"மதியம்?"

"பத்து."

"சாயங்காலம்?"

"ஒம்போது. இல்ல, பத்து. மயக்கம் வந்துச்சு."

ஒவ்வொரு எண்ணுக்கும் அவன் கண்ணை மூடி யோசித்தான். சொல்லும்போது நடுநடுவே தண்ணீர் குடித்துக்கொண்டான். நாலாம் நாள் மதியம் வந்தபோது, "அன்னிக்குக் கழுவிட்டேன்க்கா. பாத்ரூம்ல போய்க் கழுவிட்டு, தடவினேன்னு எழுதிட்டேன்" என்றான், பரீட்சையில் காப்பி அடித்ததை ஒப்புக்கொள்கிற மாதிரி. அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அதையும் எழுதினேன். ஏழாம் நாள் ராத்திரி, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தானாம். எட்டாம் நாள் மூன்று வேளையும் பத்து. பக்கத்துப் படுக்கையில் தையல்காரர் விழித்துக்கொண்டார். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அம்மா, அப்புறம் என்னோடதையும் திருத்திடுங்க" என்றார்.

சோதனை நின்ற நாள் வரைக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் கையெழுத்துப் போட்டேன். கடைசியாக ஒரே ஓர் அட்டை மிச்சம் இருந்தது, விதைக்கூழ் தடவிய நாளின் அட்டை.

"இது?"

அவன் அதைக் கையில் வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்தான்.

"இது ஏழுதான்க்கா."

அதை அப்படியே விட்டேன்.